கூட்டத்தில் ஒருவர் பேசாமலிருப்பது அவருடைய ஊரின் இயல்பா, அவருடைய சொந்த இயல்பா?

தென்காசிக்காரி, பெல்லந்தூர்

அனைவருக்கும் வணக்கம். பெங்களூரு வெளிவட்டச் சாலையில் உள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சென்ற ஆண்டு முதல் ஓர் அணிக்குப் பொறுப்பேற்றிருக்கிறேன். என்னையும் சேர்த்துப் பதினோரு பேர்; தமிழ், கன்னடம், தெலுங்கு, மலையாளம், வங்காளம், ஒடியா, இந்தி என்று ஏழு தாய்மொழிகள். வேலை பெரும்பாலும் சுமுகமாகவே நடக்கிறது. ஆண்டு மதிப்பீட்டுப் படிவத்தை நிரப்பும் நேரம் வந்திருக்கிறது. அதில் ஒரு வரியில் வந்து நின்றுவிட்டேன்.

அணியில் ஒடிசாவைச் சேர்ந்த இருபத்தாறு வயது இளைஞர் ஒருவர் இருக்கிறார். அவர் எழுதும் நிரலில் பிழை காண்பது அரிது; கொடுத்த வேலையைக் கொடுத்த நாளில் முடிப்பவர். ஆனால் கூட்டங்களில் வாய் திறப்பதில்லை. பெயரைச் சொல்லிக் கேட்டால் 'சரி' என்பார், அதோடு முடிந்துவிடும். என் மேலாளர் இதைப் பற்றிப் பேசும்போது, 'அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் அப்படித்தான், பணிவு அதிகம், தலைமைப் பொறுப்புக்கு வரமாட்டார்கள், அதையே எழுதிவிடுங்கள்' என்றார். சில மாதங்களுக்கு முன் எங்களுக்கு நடந்த ஒருநாள் பயிற்சியில் கலந்துகொண்ட தோழி ஒருவர், சில பண்பாடுகளில் மூத்தவர் முன் மௌனமாக இருப்பதே மரியாதை என்று அங்கே சொல்லிக்கொடுத்ததாகச் சொல்லி, அதே முடிவுக்கு இன்னும் கனிவான வழியில் வந்து சேர்ந்தார்.

இரண்டு விளக்கங்களும் என் மனத்தில் ஒட்டவில்லை. அதற்குக் காரணம் என் சொந்த அனுபவம். நான் 2009இல் தென்காசிப் பக்கத்திலிருந்து இந்த ஊருக்கு வந்து சேர்ந்தபோது, என் முதல் மதிப்பீட்டில், சிறு நகரங்களிலிருந்து வரும் தமிழர்களுக்கு உரிய தயக்கம் எனக்கும் இருப்பதாக எழுதியிருந்தார்கள். எனக்குத் தயக்கம் இருந்ததில்லை. ஓர் ஆங்கில வாக்கியத்தை மனத்துக்குள் கூட்டி முடிப்பதற்குள் பேச்சு அடுத்த பொருளுக்குப் போய்விடும், அவ்வளவுதான். என் அக்காவும் அதே வீட்டில் வளர்ந்து அதே பள்ளியில் படித்தவர்தான். அவர் இருக்கும் அறையில் வேறு யாரும் பேச முடியாது. அப்படியிருக்க, என்னிடம் அவர்கள் கண்ட 'தமிழ்த் தயக்கம்' எதில் இருந்தது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

அதே சமயம், ஊரும் வளர்ப்பும் ஒன்றுமே இல்லை என்று சொல்லவும் மனம் வரவில்லை. வயதில் மூத்த அதிகாரி என் மேசைக்கு வந்தால் என்னையறியாமல் இன்றும் எழுந்து நின்றுவிடுகிறேன். அதை யாரும் எனக்கு அலுவலகத்தில் கற்றுத்தரவில்லை.

ஆகவே அனுபவமுள்ளவர்களிடம் கேட்கிறேன். ஒருவருடைய நடத்தையில் எது அவர் பிறந்த சூழலிலிருந்து வருகிறது, எது அவருக்கே உரியது என்பதை எப்படி அறிவது? அவரிடமே நேரடியாகக் கேட்பது அத்துமீறலாகுமா? மதிப்பீட்டில் எதை எழுதுவது நியாயம்?

மனிதவளம் இருபதாண்டு, ஜெயநகர்

வணக்கம், சகோதரி. நீங்கள் குறிப்பிடும் அந்த ஒருநாள் பயிற்சியை நானே பலமுறை நடத்தியிருக்கிறேன் என்பதால் அதில் சொல்லப்படுவது எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நெதர்லாந்தைச் சேர்ந்த கீர்ட் ஹாஃப்ஸ்டீட் என்ற ஆய்வாளர், 1967க்கும் 1973க்கும் இடையில் பல நாடுகளிலிருந்த ஐபிஎம் ஊழியர்களிடம் திரட்டிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வினாத்தாள்களைக் கொண்டு, நாடுகளின் பண்பாட்டை ஒப்பிடச் சில அளவுகோல்களை வகுத்தார். அவற்றுள் ஒன்று 'அதிகார இடைவெளி'. மேலே இருப்பவருக்கும் தமக்கும் இடையிலுள்ள ஏற்றத்தாழ்வைக் கீழே இருப்பவர்கள் எந்த அளவுக்கு இயல்பானது என்று ஏற்றுக்கொள்கிறார்கள் என்பதை அது அளக்கிறது. அந்த அளவையில் இந்தியாவுக்கு 77, டென்மார்க்குக்கு 18, ஆஸ்திரியாவுக்கு 11. 'மூத்தவர் முன் மௌனமே மரியாதை' என்று உங்கள் தோழிக்குச் சொல்லப்பட்டது இந்த 77இலிருந்து இறங்கி வந்ததாகத்தான் இருக்கும்.

இந்த எண்ணால் பயன் உண்டு. டென்மார்க்கிலிருந்து வரும் ஒரு மேலாளர், தன் இந்திய அணி தனக்கு மறுப்புச் சொல்லாததை முழுச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்று எச்சரிக்க அது உதவும். ஆனால் அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் மட்டும் 22 மொழிகளை வைத்திருக்கும் ஒரு நாடு முழுவதற்கும் அது ஒற்றை எண். ஒரே அணியில் இருக்கும் ஒடியாக்காரரையும் தென்காசிக்காரரையும் அது பிரித்துக் காட்டாது. ஒருவருடைய மேசைக்கு முன்னால் அதைக் கொண்டுபோய் வைத்து அவரைப் படிக்கவும் முடியாது. நாடுகளின் சராசரியைத் தனிமனிதர் மீது ஏற்றக் கூடாது என்று ஹாஃப்ஸ்டீடே அழுத்திச் சொன்னார். பயிற்சி வகுப்பின் பிற்பகலில் அந்த எச்சரிக்கைக்குப் பெரும்பாலும் நேரம் கிடைப்பதில்லை. நானும் அந்தத் தவற்றைச் செய்திருக்கிறேன், அதற்காக வருந்துகிறேன்.

உங்கள் மூன்றாவது கேள்விக்கு என்னால் உறுதியாகப் பதில் சொல்ல முடியும். 'கூட்டங்களில் தாமாகக் கருத்துச் சொல்வதில்லை' என்பது நீங்கள் கண்டது. 'தலைமைப் பண்பு இல்லை' என்பது உங்கள் மேலாளர் ஊகித்தது. முதலாவதை, எந்தக் கூட்டத்தில், எந்தப் பொருள் பற்றிய பேச்சில் என்ற விவரத்தோடு எழுதலாம். இரண்டாவதை எழுதினால், அவர் அடுத்த அணிக்குப் போகும்போது அந்த வரி அவருக்கு முன்னால் அங்கே போய்ச் சேர்ந்துவிடும்.

அவரிடம் கேட்பது அத்துமீறல் ஆகாது, கேட்கும் விதம் சரியாக இருந்தால். 'நீங்கள் ஏன் பேசுவதில்லை' என்ற கேள்வியில் குற்றச்சாட்டு இருக்கிறது. 'உங்கள் கருத்தைச் சொல்ல எந்த முறை உங்களுக்கு வசதி' என்று கேளுங்கள். திடீரென்று அறைக்கு அழைக்காமல், முந்தின நாளே இரண்டு வரியில் எழுதி அனுப்புங்கள். சிலருக்கு விடையை யோசிக்க ஓர் இரவு தேவைப்படும்.

பீன்யா பட்டறை, பீன்யா

அம்மா, நான் கணினித் துறை அறியாதவன். பீன்யாவில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையின் மெஷின் ஷாப்பில் இருபத்தெட்டு ஆண்டுகளாகச் சூப்பர்வைசராக இருக்கிறேன். கிருஷ்ணகிரி, தருமபுரி ஆட்களும் ராய்ச்சூர், கலபுரகி ஆட்களும் மட்டுமே இருந்த இடத்தில் இன்று பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா ஆட்கள் பாதிக்கு மேல் இருக்கிறார்கள். நான் செய்த தவறுகளை எழுதினால் உங்களுக்குப் பயன்படலாம் என்று நினைக்கிறேன்.

முதல் தவறு, எதையும் அறியாமல் இருந்தது. ஆயுத பூசை இந்தத் தொழிற்பேட்டைக்கே பெரிய நாள். மெஷின்களைக் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, வாசலில் பூசணிக்காய் உடைத்து, எல்லாருக்கும் பொரியும் கடலையும் கொடுப்போம். வடக்கிலிருந்து வந்த ஆட்கள் புதிதாகச் சேர்ந்த ஆண்டில், செப்டம்பர் நடுவில் ஒருநாள் காலை ஷிஃப்ட்டில், ஒரு லேத்தின் மேல் ஊதுவத்தி எரிந்துகொண்டிருந்தது. எண்ணெயும் துணியும் கிடக்கும் இடத்தில் நெருப்பா என்று அந்த ஆளைக் கடுமையாகத் திட்டி அணைக்கச் சொன்னேன். அவர்கள் பக்கத்தில் கருவிகளுக்குப் பூசை செய்வது விசுவகர்மா பூசையன்றுதான் என்பதும், அது செப்டம்பர் 17ஐ ஒட்டி வருகிறது என்பதும் எனக்கு ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. நான் மூன்று வாரம் கழித்துச் செய்யப்போவதைத்தான் அவர் அன்று செய்திருக்கிறார். அடுத்த ஆண்டு முதல் இரண்டு நாளும் எங்கள் ஷாப்பில் பூசை உண்டு. ஊதுவத்தி மட்டும் இரண்டு நாளும் வெளியே, மணல் தட்டில்தான்.

பேச்சிலும் தவறு செய்தேன். நான் இந்தி கற்றது ஷாப்பில், இளைஞர்கள் தங்களுக்குள் பேசுவதைக் கேட்டுத்தான். அவர்கள் ஒருவரையொருவர் 'தூ' என்று அழைப்பதைக் கேட்டு, ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு வெல்டரையும் நான் அப்படியே அழைத்து வந்தேன். கன்னடத்தில் 'நீவு' இருக்கும் இடத்தில் 'நீனு' என்றால் என்ன ஆகும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தமிழில் சொல்லவே வேண்டாம். இந்தியிலும் 'ஆப்' என்று ஒன்று இருக்கிறது என்பதை அந்தப் பெரியவரே ஒருநாள் தேநீர் நேரத்தில் மெதுவாகச் சொன்னார். அதுவரை அவர் என்னிடம் வேலைக்கு வெளியே ஒரு வார்த்தையும் பேசியதில்லை. அவரை முசுடு என்று நான் பலரிடம் சொல்லியிருந்தேன்.

இதற்குப் பிறகு அக்கறையோடு எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ளத் தொடங்கினேன். தீபாவளி என்றால் நமக்கு நரக சதுர்த்தசி விடியற்காலை எண்ணெய்க் குளியல். வடக்கத்தியவர்களுக்கு அமாவாசை மாலை லட்சுமி பூசை. கன்னடர்களுக்கு அதற்கும் அடுத்த நாள் பலிபாட்யமியும் முக்கியம். பீகார்க்காரர்களுக்குத் தீபாவளியைவிட ஆறு நாள் கழித்து வரும் சட் பூசைதான் பெரிது. இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்து விடுப்புப் பட்டியல் போட்டேன். அங்கேதான் வேறு விதமான தவறு வந்தது. ஒடிசாக்காரர்கள் எல்லாருக்கும் ஜூன் நடுவில் வரும் ரஜ பண்டிகைக்கு விடுப்பு என்று எழுதினேன். அவர்களில் இருவர் சம்பல்பூர்ப் பக்கத்து ஆட்கள். கடற்கரை மாவட்டத்தவர் ரஜவைக் கொண்டாடுவதைப் போல அவர்களுக்குப் பெரிய நாள் நுவாகாய், புது நெல்லை முதலில் உண்ணும் நாள். அது விநாயகர் சதுர்த்திக்கு மறுநாள் வருகிறது. ஒரே மாநிலம் என்று நான் ஒரே கட்டாகக் கட்டிவிட்டேன்.

இதைவிடவும் என் மனத்தை உறுத்துவது இன்னொன்று. சட் பூசைக்கு நான்கு பீகார்க்காரர்களும் ஊருக்குப் போவார்கள் என்று நானே கணக்கிட்டு மாற்று ஆட்களைப் போட்டிருந்தேன். ஒருவர் போகாமல் வேலைக்கு வந்து நின்றார். எல்லார் முன்னாலும், 'நீ ஏன் போகவில்லை, உனக்குப் பூசை இல்லையா' என்று கேட்டுவிட்டேன். அவருக்கு ஊரில் என்ன இருந்தது, என்ன இல்லை என்பது எனக்கு இன்றும் தெரியாது. அவர் முகம் மாறியதை மட்டும் பார்த்தேன். நான் அரும்பாடுபட்டு எழுதிய நோட்டினால்தான் அந்த மனிதரை அப்படி நிற்கவைத்தேன்.

உங்கள் பையன் ஒடிசாவில் எந்தப் பக்கம்?

தென்காசிக்காரி, பெல்லந்தூர்

இருவருக்கும் நன்றி. ஐயா, நீங்கள் கேட்டபோதுதான் அது எனக்குத் தெரியாது என்பதை உணர்ந்தேன். ஓராண்டாக 'ஒடிசா' என்ற ஒரு சொல்லோடு நிறுத்தியிருக்கிறேன். அதை இங்கே ஒப்புக்கொள்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இடப்பக்க இருக்கை, மாரத்தஹள்ளி

இந்த இழையைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எனக்கு எட்டு வயதில் ஒரு காய்ச்சலுக்குப் பிறகு இடது காது முற்றிலும் கேட்காமல் போனது. வலது காது நன்றாகக் கேட்கும். நேரெதிரே அமர்ந்து பேசினால் யாருக்கும் எந்த வேறுபாடும் தெரியாது. ஆனால் ஒரு காது மட்டும் கேட்பவருக்கு ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதை அறிவது கடினம்; பத்துப் பேர் பேசும் அறையில் யார் பேசத் தொடங்கினார் என்று கண்டுபிடிப்பதற்குள் அவர் பாதி வாக்கியத்தைக் கடந்திருப்பார். இடப்பக்கத்திலிருந்து யாரேனும் தாழ்ந்த குரலில் கேள்வி கேட்டால், கேட்டதே எனக்குத் தெரியாது.

நான் வேலை செய்த இடங்களில் இதற்குக் கிடைத்த பெயர்களைச் சொல்கிறேன். முதல் இடத்தில் தலைக்கனம் என்றார்கள், கூப்பிட்டால் திரும்புவதில்லை என்பதால். இரண்டாவது இடத்தில், என் மேலாளர் டெல்லிக்காரர், தமிழர்கள் இந்தியில் பேசினால் வேண்டுமென்றே பதில் சொல்லமாட்டார்கள் என்று மற்றவர்களிடம் விளக்கியிருக்கிறார். எனக்கு இந்தி தெரியும். அவர் என் இடப்பக்கம் அமர்ந்திருந்தார். என் மௌனத்துக்கு ஒரு மாநிலத்தின் அரசியல் வரலாற்றையே காரணமாகக் கண்டுபிடித்தவருக்கு, நாற்காலியை மாற்றிப் போட்டுப் பார்க்கத் தோன்றவில்லை.

சட்டத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. ஒவ்வொரு நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிட வேண்டும் என்று 21ஆம் பிரிவு சொல்கிறது. இருபது பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் தனியார் நிறுவனங்களும், மாற்றுத்திறனாளி ஊழியர்களின் தேவைகளைக் கவனிக்க ஒரு தொடர்பு அலுவலரை நியமிக்க வேண்டும். ஆனால் செவித்திறன் குறைவு என்று அந்தச் சட்டம் வரையறுப்பது இரு காதுகளிலும் குறைந்தது 60 டெசிபல் இழப்பு இருப்பதை. ஒற்றைக் காது அதில் வராது. என்னைப் போன்றவர்களிடம் காட்டுவதற்குச் சான்றிதழ் இல்லை. எனக்குத் தேவைப்படுவதும் மேசையின் இடக்கோடி இருக்கை ஒன்றுதான், எல்லாரும் என் வலப்பக்கம் இருக்கும்படி. இப்போதைய அணித்தலைவி முதல் வாரத்திலேயே எல்லாரிடமும், என்னிடம் மட்டுமல்ல, 'கூட்டத்தில் உங்களுக்கு வசதியாக எதையாவது மாற்ற வேண்டுமா' என்று கேட்டார். பதின்மூன்று ஆண்டு வேலையில் அந்தக் கேள்வியை அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

உங்கள் இளைஞருக்குக் காது கேட்காது என்று சொல்ல வரவில்லை. பேசாமலிருப்பதற்குப் பண்பாடு, குணம் என்ற இரண்டை மட்டும் நீங்கள் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அறையின் அமைப்பும் காரணமாக இருக்கலாம்.

முதலெழுத்து மட்டும், ஓசூர்

தினமும் ஓசூரிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டிக்குப் போய்வருகிறேன். மேலே சொல்லப்பட்டவற்றோடு பெயர் பற்றிய ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன், ஏனென்றால் வேறுபாட்டைத் தட்டையாக்கும் வேலை பணியில் சேரும் முதல் நாள் படிவத்திலேயே தொடங்கிவிடுகிறது.

எனக்கு ஒரு பெயரும் தந்தையின் முதலெழுத்தும் உண்டு. குடும்பப் பெயர் கிடையாது. படிவம் கடைசிப் பெயர் இல்லாமல் அடுத்த பக்கத்துக்கு நகராது. தந்தையின் பெயரை அங்கே எழுதினேன். அன்றிலிருந்து வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் எல்லா மின்னஞ்சலிலும் என்னை என் தந்தையின் பெயரால் விளிக்கிறார்கள். அவர் இறந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. ஒவ்வொரு காலையும் அவர் பெயரிட்டு 'வணக்கம், இந்தக் கோப்பை இன்று முடிப்பீர்களா' என்று வரும் கடிதத்தைத் திறப்பது எப்படி இருக்கும் என்பதை அந்த மென்பொருளை அமைத்தவர்கள் எண்ணிப்பார்த்திருக்க முடியாது. எங்கள் அணியிலிருக்கும் மிசோரம் பெண்ணுக்கும் குடும்பப் பெயர் இல்லை. மிசோக்களில் ஆண் பெயர் 'ஆ' என்றும் பெண் பெயர் 'ஈ' என்றும் முடிவதே வழக்கம் என்று அவர்தான் சொன்னார். அவருடைய ஒரே பெயரைப் படிவம் இரண்டாக வெட்டி வைத்திருக்கிறது.

இதில் நம்மவர்களுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1929இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைப் பெயரோடு சேர்ப்பதைக் கைவிடச் சொன்னது. பிறகு வந்த தலைமுறைகள் அதைப் பெருமளவுக்குக் கைவிட்டார்கள். அப்படிக் கைவிட்ட இடம்தான் இந்தப் படிவத்தில் காலியாக இருக்கிறது, அதை நிரப்பச் சொல்கிறார்கள். நிரப்பாவிட்டால் மதிய உணவு மேசையில் வேறு கேள்விகள் வரும்: முழுப்பெயர் என்ன, சொந்த ஊரில் எந்தத் தெரு, வீட்டில் சைவமா அசைவமா. கேட்பவர் அதைப் பண்பாட்டு ஆர்வம் என்பார். எதற்காகக் கேட்கிறார் என்பது பதில் சொல்பவருக்குத் தெரியும். பணியிடத்துப் பன்முகத்தன்மை பற்றிய பயிற்சிகளில் மொழியும் உணவும் உடையும் பேசப்படுகின்றன. சாதியைப் பற்றி நான் கலந்துகொண்ட ஒன்றில்கூட யாரும் பேசவில்லை.

ஆகையால், சகோதரி, அவருடைய ஊரைப் பற்றிக் கேட்கும்போது கவனமாகக் கேளுங்கள். நம்மைத் தெரிந்துகொள்ளவே கேட்கிறார்கள் என்று எல்லாருக்கும் தோன்றாது.

அல்சூர் ஏரிக்கரை, அல்சூர்

நான் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த தமிழன். எங்கள் ஏரிக்கரையில் 1991இல் நிறுவிய திருவள்ளுவர் சிலை பதினெட்டு ஆண்டுகள் திறக்கப்படாமல் மூடிக் கிடந்ததையும், 2009 ஆகஸ்ட் 9 அன்று அது திறக்கப்பட்டு, நான்கு நாள் கழித்துச் சென்னையில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டதையும் பார்த்தவன். இந்த ஊரில் மொழி எவ்வளவு மென்மையான இடம் என்பது எங்களுக்குத் தெரியும்.

சகோதரி, ஒன்றை மட்டும் கேட்கிறேன். அணியில் தமிழர் நீங்கள் ஒருவர்தானா? இன்னொரு தமிழர் இருந்தால், கூட்டம் முடியும் தறுவாயில் நீங்கள் இருவரும் தமிழில் பேசிக்கொள்வது உண்டா? இந்தியில் பேசி நம்மை ஒதுக்குகிறார்கள் என்று வருந்தும் நம் ஆட்களே, இருவர் சேர்ந்தால் அடுத்தவர் இருப்பதை மறந்து தமிழுக்கு மாறிவிடுவதை நான் எல்லா அலுவலகங்களிலும் பார்த்திருக்கிறேன். நாம் பேசுவது பெரும்பாலும் சாப்பாட்டைப் பற்றியோ ஊர்ப் பேருந்தைப் பற்றியோதான். எதிரே இருப்பவருக்கு அது தெரியாது.

கன்னடத்தை நன்றாகக் கற்றுக்கொள்ளுங்கள் என்பதையும் உங்களுக்கு அல்ல, இந்த இழையைப் படிக்கும் எல்லாருக்கும் சொல்கிறேன். கன்னட ராஜ்யோத்சவ நாளான நவம்பர் 1 அன்று அலுவலகத்தில் சிவப்பும் மஞ்சளும் கட்டி முடித்ததும் அந்தக் கடமை தீர்ந்துவிடுவதில்லை.

தென்காசிக்காரி, பெல்லந்தூர்

பத்து நாள் கழித்து எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜெயநகர் ஐயா சொன்னபடி முந்தின நாளே எழுதி அனுப்பினேன். மாரத்தஹள்ளி நண்பர் சொன்னபடி அவருக்கு மட்டும் அனுப்பாமல் பத்துப் பேருக்கும் அதே இரண்டு வரியை அனுப்பினேன்: கூட்டத்தில் உங்கள் கருத்தைச் சொல்ல எது வசதி, எது இடைஞ்சல். எல்லாரும் பதில் எழுதினார்கள். நான் எதிர்பார்த்தது ஒன்றுகூட அவற்றில் இல்லை.

மலையாளத் தோழி காலைக் கூட்டத்தை அரைமணி தள்ளிவைக்கக் கேட்டார், குழந்தையைப் பள்ளி வண்டியில் ஏற்றிவிட்டு வருவதற்காக. எல்லாரையும்விட அதிகமாகப் பேசுகிறவர் என்று நான் நினைத்திருந்த வங்காள நண்பர், ஒருவர் பேசும்போது இன்னொருவர் குறுக்கிடுவது தமக்குப் பதற்றம் தருகிறது, அதனால்தான் முந்திக்கொண்டு பேசிவிடுகிறேன் என்று எழுதியிருந்தார். அல்சூர் ஐயாவின் கேள்விக்கு: ஆம், நாங்கள் இருவரும் தமிழில் பேசிக்கொள்வதுண்டு. கன்னடத் தோழி அதை நான்கு மாதமாகச் சொல்ல நினைத்ததாக எழுதியிருந்தார். அவரிடம் நேரில் மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

ஒடிசா இளைஞரின் பதில் ஒரு பக்கத்துக்கு வந்தது. தம் வீட்டில் அதிகம் பேசுகிறவர் தாம்தான் என்று தொடங்கியிருந்தார். பிப்ரவரியில் ஒரு கூட்டத்தில், நாங்கள் பயன்படுத்தும் சோதனைத் தரவில் ஒரே வாடிக்கையாளர் இரண்டு முறை பதிவாகியிருப்பதால் அறிக்கையின் கூட்டுத்தொகைகள் பிழையாக வரும் என்று அவர் சொன்னாராம். நான் 'பிறகு பேசலாம்' என்றேனாம். பிறகு பேசவில்லை. அவர் இரண்டு வாரம் காத்திருந்துவிட்டு, இங்கே அந்த மாதிரிக் கருத்துகள் வேண்டாம் போலும் என்று நிறுத்திக்கொண்டிருக்கிறார்.

எனக்கு அது சுத்தமாக நினைவில்லை. கூட்டக் குறிப்புகளை எடுத்துப் பார்த்தேன். பிப்ரவரிக் குறிப்பில் அந்த வரி இருக்கிறது, அதற்கு எதிரே எந்தப் பெயரும் இல்லை. எங்கள் வீட்டில் 'பிறகு பேசலாம்' என்பது முகத்தை முறிக்காமல் மறுப்பதற்கும் சொல்வது, உண்மையிலேயே பிறகு பேசுவதற்கும் சொல்வது. இரண்டில் எது என்பதைக் குரலை வைத்தே அறிந்துகொள்வோம். ஆங்கிலத்தில் அதைச் சொன்னபோது என் குரலில் எது இருந்தது என்று எனக்கே தெரியவில்லை.

படிவத்தில் மேலாளர் சொன்ன வரியை எழுதவில்லை. தரவில் பிழை இருப்பதைப் பிப்ரவரியிலேயே சுட்டிக்காட்டினார் என்றும், அணித்தலைமை அதைத் தொடர்ந்து கவனிக்கவில்லை என்றும் எழுதினேன். இரண்டாவது பாதியை நீக்கச் சொல்லி மேலாளர் கேட்டிருக்கிறார், நீக்கப்போவதில்லை.

பீன்யா ஐயாவுக்கு: அவர் பலாங்கீர்ப் பக்கம். நுவாகாய்தான் தங்கள் வீட்டின் பெரிய நாள் என்று அவரே சொன்னார். அன்று விடுப்பு வேண்டுமா என்று கேட்டதற்கு, இந்த ஆண்டு வேண்டாம், தங்கை தேர்வு முடிந்த பிறகு போகிறேன் என்றார்.

வியாழக்கிழமைக் கூட்டத்தின் முதல் பொருளாக அந்தத் தரவுப் பிழையை வைத்திருக்கிறேன். அதை முதலில் கண்டவர் அவர்தான் என்று எல்லார் முன்னாலும் சொல்லலாமா என்று கேட்டேன். பெயரைச் சொல்ல வேண்டாம், எந்தத் தேதியில் பேசப்பட்டது என்பதை மட்டும் சொல்லுங்கள், மற்றதை நான் விளக்குகிறேன் என்றார். அப்படியே செய்யப்போகிறேன்.